வாய் திறக்காத செப்படி வித்தை

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். அருளப்பன் சாரின் நினைவு மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி நீங்கள் சொல்லியனுப்பி வெகு நாளாகிவிட்டது. பகலில் முடியவில்லை. தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாமல் குடத்தோடு நிற்பதிலும், வசந்தியின் பின்னால் ஓடுவதிலும் பகல் கரைந்துவிடுகிறது. அவள் தூங்கிய பிறகுதான் என் கை என்னுடையதாகிறது. பல்பைச் சுற்றிப் பழைய செய்தித்தாளைக் கட்டிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் என் மகளை எழுப்பாது. வெளிச்சம் எழுப்பிவிடும்.

உங்களில் பலருக்கு என்னை நேரில் தெரியாது. கணக்கு வாத்தியார் ராமநாதனின் மனைவி என்றால் தெரியும். சார் உங்களுக்குச் சக ஆசிரியர். உங்களில் சிலர் அவருடைய பழைய மாணவர்கள். எனக்கு அவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. 'தங்கச்சி' என்று அவர் கூப்பிட்டார், நான் 'அண்ணே' என்றேன், அவ்வளவுதான். என் மகளுக்குக் காது கேட்காது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர். அவளை வெளியூர்ப் பள்ளியில் விடலாமா வேண்டாமா என்ற என் கேள்விக்குப் பதில் தேடிப் போன நாளில்தான் அவர் இறந்தார். அந்தக் கேள்வி இன்னும் என்னிடமே இருக்கிறது. ஆகவே இது வெறும் அஞ்சலி மட்டும் இல்லை.

அன்று சனிக்கிழமை. வசந்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். கடைத்தெருவுக்குப் போன என் கணவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பஸ்ல வரையில ஒட்டன்சத்திரம் தாண்டி நெஞ்சைப் பிடிச்சிட்டானாம்" என்றார்.

"யாரு?"

"அருளப்பன்."

"இப்ப எங்க இருக்காரு?" என்று எழுந்தேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். வசந்தி அவர் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள். நான் ஊட்டினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சார் எங்கள் நாகல் நகர் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது என் படிப்பைக் கேள்விப்பட்டுத்தான். கல்யாணமாகி வந்த புதிது. மதுரையில் கல்லூரி முடித்த சான்றிதழைப் பெட்டியின் அடியில் புடவைகளுக்குக் கீழே வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் வாசலில் உரத்த குரல் கேட்டது.

"ஏலே ராமநாதா, உன் வீட்ல சரித்திரம் பி.ஏ. இருக்காமே. இத்தன நாளா சொல்லவே இல்ல?"

"அவ படிச்சது அசோகரும் அக்பரும். உன் கழைக்கூத்தாடி சரித்திரம் அதுல வராது."

"கழைக்கூத்தாடி கயித்து மேல நடப்பான்டா. நம்மளது செப்படி. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைக் கணக்குக்குப் போட்டிருக்காங்க பாரு."

உள்ளே வந்தார். உயரமான மனிதர், குரல் அதைவிட உயரம். பைக்குள்ளிருந்து கடைந்த மரச் செப்புகள் மூன்றை எடுத்துத் தரையில் கவிழ்த்தார். அவர் வித்தையைப் பார்க்காதவர் உங்களில் இருக்க முடியாது. ஆண்டு விழா எதிலும் அவர் அதை விட்டதில்லை. ஒரு செப்புக்கு அடியில் துணி உருண்டை ஒன்றை வைப்பார். அது பக்கத்துச் செப்புக்குப் போகும், காணாமல் போகும், மூன்று உருண்டைகளாகி ஒரே செப்புக்குள் கூடும். கடைசியில் செப்பைத் தூக்கினால் உருண்டை இருக்காது, முழு எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருக்கும். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த வீட்டுக்கு வந்து நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று என் அத்தை, கணவரின் அம்மா, பிற்பாடு சொல்லிக்காட்டினார்.

"இது எம்புட்டுப் பழசுன்னு நெனைக்கிற தங்கச்சி?" என்று கேட்டார். "ரோமாபுரியில கூழாங்கல்லையும், புளிச்ச காடி ஊத்தித் தொட்டுக்கிற சின்னக் கிண்ணத்தையும் வச்சு இதையே பண்ணியிருக்கான். அதுக்கும் முன்னால எகிப்துல ஒரு கல்லறைச் சுவத்துல ரெண்டு பேரு குந்தியிருக்கானாம், நடுவுல கவுத்துப் போட்ட கிண்ணமாம். நாலாயிரம் வருசம் இருக்கும்ங்கிறாங்க. அந்தப் படத்த நான் பாத்ததில்ல. உன் காலேஜு சிநேகிதிங்க யாராச்சும் பெரிய லைப்ரரியில இருந்தா எழுதிக் கேளு. நாலாயிரம் வருசமா மனுசன் ஒரே மாதிரி ஏமாந்துக்கிட்டு இருக்கான், இன்னும் அலுக்கல. அதுதான் எனக்கு ஆச்சரியம்."

நம் ஊரில் இதற்குச் செப்படி வித்தை என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு எல்லா ஏமாற்றுக்கும் அந்தப் பெயரையே கொடுத்துவிட்டார்கள் என்பதில் அவருக்குத் தீராத வருத்தம். "களவாணிப்பயலுக்கெல்லாம் என் செப்பையா பேரு வைக்கிறது?" என்பார்.

வித்தையில் அவர் பெரிதாக மதித்தது பேச்சைத்தான். "பொய் பண்றது கை. அதுக்குச் சாட்சி சொல்றது வாயி. சாட்சி பலமா இருந்தா ஒருத்தனும் கையைப் பாக்க மாட்டான்" என்று அடிக்கடி சொல்வார்.

வசந்திக்கு மூன்று வயது ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருப் பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்து வித்தை காட்டினார். வசந்தி அப்போது பேச ஆரம்பிக்கவில்லை. அதைப் பற்றி எனக்குள் ஒரு பயம் இருந்தது. அத்தையிடம் சொன்னபோதெல்லாம், "அவ அப்பனும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான், இப்ப வகுப்புல மூடுறானா?" என்று அடக்கிவிடுவார். நானும் அடங்கிக்கொள்வேன். அடங்கிக்கொள்வது சுலபமாக இருந்தது.

சார் செப்புகளைச் சுற்றிவிட்டு, "அந்தா பாரு, உத்தரத்துல பல்லி!" என்றார். அத்தனை பிள்ளைகளும் மேலே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வசந்தி மட்டும் பார்க்கவில்லை. நேராக எழுந்து போய், செப்பைக்கூடத் தொடாமல், சாரின் மூடிய இடது கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தாள். உருண்டை அங்கே இருந்தது.

கூடமே சிரித்தது. பக்கத்து வீட்டுச் சகாயம் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஆத்தாடி, இம்புட்டுக்காணு கழுத, வாத்தியாரையே மடக்கிருச்சே" என்றாள்.

"யாரு பேத்தி? எங்க வீட்டுப் பிள்ளைய ஏமாத்த வெளியூர்லருந்து ஆளு வரணும்" என்றார் அத்தை.

சார் இன்னொரு முறை செய்தார். விரலைச் சொடுக்கினார், கதவுப் பக்கம் பார்த்து யாரையோ கூப்பிட்டார், இருமினார். ஒவ்வொரு முறையும் வசந்தி சரியாகப் பிடித்தாள். ஒவ்வொரு முறையும் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. சாரின் முகத்தில் மட்டும் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. எலுமிச்சம்பழம் வரைக்கும் போகாமலே செப்புகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "என்னய்யா, தோத்துட்டு ஓடுற?" என்று அத்தை கேட்டதற்கு, "ஆமா ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அத்தை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். என் மகள் மகா கெட்டிக்காரி என்ற நிம்மதியில் நான் அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் வந்தார். என் கணவரையும் என்னையும் நிற்க வைத்துவிட்டு, முற்றத்தில் தன் செப்புச் சாமான்களோடு விளையாடிக்கொண்டிருந்த வசந்தியின் முதுகுக்குப் பின்னால் போய், பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கி அடித்தார். சுவரிலிருந்த காக்கை பறந்தது. அத்தை உள்ளேயிருந்து ஓடி வந்தார். வசந்தி ஒரு சின்னப் பானையில் மண்ணை நிரப்பிக்கொண்டிருந்தாள். நிரப்பி முடித்துத் தட்டிவிட்டாள்.

"அவ கெட்டிக்காரிதான். அதுல மாத்தமில்ல" என்றார் சார். "ஆனா அன்னைக்கு அவ என் கையைக் கண்டுபிடிக்கல. என் பேச்சு அவளுக்குப் போய்ச் சேரல. அதுதான் நடந்தது."

"நான் கூப்பிட்டா வர்றாளே" என்றேன்.

"முன்னால போய் நின்னுதான கூப்புடுற தங்கச்சி? நிழல் விழுந்தாத் திரும்புறா. மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சிக்கிறா. ஒருவாட்டி பின்னாலருந்து கூப்புட்டுப் பாரு."

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தெருவுல குந்தி வித்தை காட்டுறவன் சொன்னா என் பிள்ளை செவிடாயிருமாடா?"

"ஆகாது. நான் சொன்னது தப்பா இருந்தா என்னைச் செருப்பால அடி, வாங்கிக்கிறேன். ஆனா மதுரைக்குக் கூட்டிட்டுப் போய்க் காமி."

மதுரையில் காட்டினோம். தப்பாக இல்லை. திரும்பி வந்த ரயிலில் வசந்தி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் என் கணவர் சார் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து திரும்பி வந்தார்கள். அத்தை காப்பி போட்டுக் கொடுத்தார். சார் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "எவனாச்சும் என்னைத் தோக்கடிக்கணும்னு எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கேன் தங்கச்சி. இப்பிடி இல்ல" என்றார்.

எகிப்துப் படம் அதற்குச் சில மாதம் கழித்து வந்தது. சென்னையில் விரிவுரையாளராக இருக்கும் என் விடுதித் தோழி, நூலகத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்து அனுப்பியிருந்தாள். இரண்டு பேர் எதிரெதிரே குந்தியிருக்கிறார்கள். நடுவில் கவிழ்த்த கிண்ணங்கள். ஒருவன் கை ஒரு கிண்ணத்தின் மேல் இருக்கிறது. இது செப்படி வித்தைதான் என்று சிலரும், ரொட்டி செய்கிற அச்சு என்று சிலரும், ஏதோ விளையாட்டு என்று சிலரும் சொல்வதாக ஓரத்தில் குறித்திருந்தாள்.

"ரொட்டிதான் சுடுறான்" என்றார் என் கணவர்.

"ரொட்டி சுடுறவன் எதுக்குடா எதிராளி மூஞ்சியப் பாக்குறான்? அடுப்பையில்ல பாக்கணும்?" என்றார் சார். ஆனால் அவர் வாதாடவில்லை. வாதாடுவதற்காகவே பிறந்த மனிதர், அன்று அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ரெண்டு பேரு வாயும் மூடியிருக்கு" என்றார்.

"எகிப்துச் சித்திரத்துல எல்லார் வாயும் மூடித்தான் இருக்கும் அண்ணே" என்றேன்.

"தெரியும். இருந்தாலும் எனக்கு இன்னைக்குத்தான் உறைக்குது. இந்த வித்தை எகிப்துல இருந்திருக்கட்டும், இல்லாமப் போகட்டும். ரோமாபுரியில இருந்தது. நம்ம ஊர்ல இருக்கு. ஊர் ஊராக் கொண்டுபோனவன் பாஷை தெரியாத சனத்துக்கு முன்னாலதான காட்டியிருப்பான்? பல்லின்னு சொன்னா எவனுக்குப் புரியும்? அப்ப பேச்சு பொறகு வந்த வெஞ்சனம், தொட்டுக்கிறது. சோறு கைதான். நான் இம்புட்டு நாளா வெஞ்சனத்தையே தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

அதற்குப் பிறகுதான் அவர் அந்தக் காரியத்தில் இறங்கினார். வாயே திறக்காமல் செப்படி வித்தை. உங்கள் ஆசிரியர் அறையில் அவர் தனியாக உட்கார்ந்து கையைச் சுழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நீங்கள் பேசிக்கொண்டதாக என் கணவர் சொல்லியிருக்கிறார். ஆனது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். செப்புகளைக் கவிழ்ப்பார். வசந்தி கண்டுபிடித்துவிடுவாள். எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஏன் இவ்வளவு பாடு என்று ஒருமுறை கேட்டேன். எனக்கு அன்று உடம்பெல்லாம் வலி. யார் வந்தாலும் காப்பி போட வேண்டுமே என்ற சலிப்பு.

"எல்லாப் பிள்ளைகளும் ஏமாந்து சிரிக்குதுக. இவ மட்டும் எப்பப் பாத்தாலும் போலீஸ்காரன் மாதிரி கையையே பாத்துக்கிட்டு இருக்கா. ஏமாறுறதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும் தங்கச்சி. அது அவளுக்கும் உண்டு" என்றார்.

அந்தச் சொல்லை நான் அன்று சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்கிறது.

அவள் ஏமாந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சார் செப்புகளைச் சுற்றும்போது ஓர் உருண்டை அவர் விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. அவர் முகம் சுருங்கிவிட்டது. பாடம் மறந்த பிள்ளையைப் போல அந்த உருண்டையைப் பார்த்தார். நிஜமாகவே தவறவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். வசந்திக்கு மனசு கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவருக்கு எடுத்துக் கொடுக்க உருண்டையின் பக்கம் குனிந்தாள். எடுத்து வந்து நீட்டினாள். சார் அதை வாங்கிக்கொண்டு, செப்பைத் திறந்து பார் என்று கண்ணால் காட்டினார். திறந்தாள். எலுமிச்சம்பழம். அடுத்ததைத் திறந்தாள். அங்கேயும் பழம். மூன்றாவதைத் திறந்தாள். அதிலும் பழம்.

அவள் சிரித்தாள். சத்தம் போட்டு, தரையை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் குரல் அவளிடம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். சார் சுவரில் சாய்ந்து, பெரிய வேலை முடித்த மனிதர் மாதிரி வேட்டியால் விசிறிக்கொண்டார்.

அதிலிருந்து வசந்திக்கு அவர் பெயர் கவிழ்த்த கை. உள்ளங்கையைக் குவித்துத் தரையில் கவிழ்த்துக் காட்டினால், சார் எப்போது வருவார் என்று அர்த்தம். கையைத் திறந்தால் வந்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் உள்ள சைகைகளிலேயே அதுதான் தெளிவானது. மற்றவையெல்லாம் பசி, தண்ணீர், வேண்டாம். அவ்வளவுதான் நான் அவளுக்குக் கொடுத்திருக்கும் பாஷை.

காது கேட்காத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்று தெற்கே இருப்பதை விசாரித்துச் சொன்னவரும் சார்தான். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகளை ஜூனில் சேர்க்கிறார்கள். வசந்திக்கு ஐந்து முடியப்போகிறது. "பொட்டப் பிள்ளைய, பசிக்குதுன்னு சொல்லத் தெரியாததை, அம்புட்டுத் தூரத்துல விடுறதுக்கு என் கட்டை வேகட்டும்" என்கிறார் அத்தை. என் கணவர் என் முகத்தைப் பார்க்கிறார். நான் யார் முகத்தைப் பார்ப்பது? வேற்று மனிதர்கள் நடுவில் அவளை விட்டுவிட்டு வருவதை நினைத்தால், எழுந்து போய் அவள் தூங்குவதைப் பார்த்துவிட்டு வருகிறேன். விடாமல் வைத்துக்கொண்டால் இந்த மூன்று சைகையோடு அவள் வளர்ந்து நிற்பாள் என்பதை நினைத்தாலும் அதேதான்.

"பாத்துட்டு முடிவு பண்ணு" என்றார் சார். "பழனி அடிவாரத்துல ஒரு பொண்ணு தையல் தைக்கிறா. உன் மக மாதிரிதான். அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. எழுதுவா, படிப்பா, கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கு. தைப்பூசக் கூட்டத்தைப் பாக்கப் போயிருந்தப்ப அவகிட்ட என் செப்பை எடுத்துக் காட்டினேன். என்னைப் பாத்து, வயசானவருக்கு எதுக்கு இந்த வேலைன்னு எழுதிக் காமிச்சா. அவளை வீட்டுக்குக் கூட்டியாறேன். நீ அவளைப் பாரு. உன் மக இருவது வருசம் கழிச்சு எப்பிடி இருப்பான்னு தெரிஞ்சிக்க."

அந்தப் பெண்ணிடம் நாள் கேட்டு வரத்தான் அந்தச் சனிக்கிழமை பழனிக்குப் போனார். அவளைப் பார்த்தாரா, பார்க்காமலே திரும்பினாரா, தெரியாது. அவள் பெயரை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. 'நம்ம தையக்காரப் பொண்ணு' என்றுதான் சொல்வார். அவர் மனைவி லூர்து அக்காவுக்கும் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து லூர்து அக்கா அந்த மூன்று செப்புகளையும் கொண்டுவந்து வசந்தியிடம் கொடுத்தார். "அவரு இருந்தா இவளுக்குத்தான் குடுத்திருப்பாரு" என்றார். வசந்தி அவற்றைக் கூடத்தில் வரிசையாகக் கவிழ்த்தாள். வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்துத் தன் கையைக் கவிழ்த்துக் காட்டினாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஒரு செப்பைத் திறந்து பார்த்தாள். பிறகு அடுத்தது. பிறகு மூன்றாவது. எதிலும் ஒன்றும் இல்லை. அவள் அழவில்லை. எல்லாவற்றையும் பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டு, கடைசிப் பழம் வரும் என்று தெரிந்தவளைப் போலச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்படித்தான் உட்காருகிறாள்.

நாலாயிரம் வருடமோ இரண்டாயிரம் வருடமோ, ஒரு பொருள் மறைந்தால் திரும்பி வரும் என்பதுதான் அந்த வித்தை. இது அந்த வித்தை இல்லை என்று என் மகளுக்குச் சொல்ல என்னிடம் சைகை இல்லை. நான் கல்லூரியில் படித்தவள். மூன்று மொழியில் எழுதப் படிக்கத் தெரியும். ஒரு மனிதர் இறந்துவிட்டார் என்று என் பிள்ளைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு சைகை இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது செப்புகள் இல்லை. அவை வசந்தியுடையவை. அந்த உருண்டை விழுந்தபோது அவர் தன் முகத்தை அவளுக்காகச் சுருக்கிக்கொண்டாரே, அந்த முகம்தான் என்னிடம் இருக்கிறது. ஊரே கேட்கும் குரல் உள்ள மனிதர், ஒரு குழந்தைக்காக அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எதிரே குந்தினார். அலுப்பு மேலிட்டு அவளிடம் நான் கத்தப் போகிற நேரங்களில், கத்தினாலும் அவளுக்குக் கேட்காது என்பது நினைவுக்கு வருவதற்குள், அந்த முகம் வந்துவிடுகிறது.

சாரோடு பழகிய உங்களில் யாருக்காவது பழனி அடிவாரத்தில் தையல் தைக்கும் அந்தப் பெண்ணைத் தெரிந்திருக்கும். மலர் அச்சாகும் வரை காத்திருக்க வேண்டாம். இதை முதலில் படிக்கிறவரே தயவுசெய்து விசாரியுங்கள். அவள் பெயரும் தெருவும் தெரிந்தால் போதும், நானே வசந்தியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளி அலுவலகத்தில் என் கணவரிடம் சொன்னாலும் சரி, ஒரு கார்டு போட்டாலும் சரி. ஜூன் நெருங்குகிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.